ஊமைப் பிள்ளையின் சாட்சி

கவிஞன் தன் பாட்டைத் தனியே இருந்து எழுதுகிறான். ஓவியன் தன் ஓவியத்தைத் தனியே இருந்து தீட்டுகிறான். முடிந்த பிறகே அவை பிறர் பார்வைக்கு வருகின்றன. அப்போது பிறர் சொல்லும் புகழும் பழியும் படைப்பைத் தொடுவதில்லை. படைத்தவனை மட்டுமே தொடுகின்றன. திரைப்படக் கலை இந்த விதிக்கு அடங்காதது. அது முடிவதற்கு முன்னரே பலர் கண்ணுக்கு வந்து சேர்கிறது. பணம் போட்டவர் பார்க்கிறார், விநியோகஸ்தர் பார்க்கிறார், நண்பர்கள் பார்க்கிறார்கள், தணிக்கைக் குழுவினர் பார்க்கிறார்கள். ஒருவர் நன்று என்பதை மற்றவர் தீது என்கிறார். ஒருவர் நீட்டச் சொல்லும் இடத்தை மற்றவர் வெட்டச் சொல்கிறார். இத்தனை குரல்களுக்கு நடுவே கத்தரியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர் யாருக்குச் செவிசாய்ப்பது? யாரை மறுப்பது? எந்த நியாயத்தைக் கொண்டு மறுப்பது?

இது சினிமாக்காரர்களின் தொழில் தகராறு, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது. பலர் சேர்ந்து வாழும் இடமெங்கும் இக்கேள்வி உண்டு. எனினும் திரைப்படத் தொகுப்பறையில் அது மிகத் தெளிவாக, மிகக் கூர்மையாக எழுகிறது. எனவே அந்த அறைக்குள் நின்றே அதனை ஆராய்வோம்.

படப்பிடிப்பு முடிந்தவுடன் படமும் முடிந்துவிட்டதாக நம்மிற் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அப்போது கையில் இருப்பவை துண்டுகளே. ஒரே காட்சி பல கோணங்களில், பல முறை எடுக்கப்பட்டிருக்கும். தொகுப்பாளர் அவற்றை வரிசைப்படுத்தி, முதலில் கரடுமுரடான ஒரு வடிவத்தை உண்டாக்குகிறார். முன்னாளில் மூவியோலா என்னும் கருவியில் படச்சுருளை ஓட்டிப் பார்த்து, வெட்டி, ஒட்டிச் செய்த வேலை இன்று கணிப்பொறியில் நடைபெறுகிறது. கருவி மாறினாலும் வேலையின் தன்மை மாறவில்லை. அந்த முதல் வடிவத்தைச் செதுக்கிச் செதுக்கிச் செம்மையாக்கிய பின்னர், டப்பிங், பின்னணி இசை, ஒலிச் சேர்க்கை, நிறத் திருத்தம் என்று படிப்படியாக வேலை நகர்கிறது. திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. இசையும் ஒலியும் சேர்த்து முடித்த பிறகு ஒரு காட்சியில் இரண்டே விநாடியை எடுத்தாலும் 48 சட்டங்கள் குறையும்; அதன் பின் வரும் வசனம், இசை, காலடியோசை அனைத்தும் அந்த அளவுக்கு இடம்பெயர்ந்தாக வேண்டும். ஆகவேதான் பிறர் கருத்தைக் கேட்பதற்குரிய காலம் தொகுப்புக் காலமே என்று அத்தொழிலில் வகுத்துக்கொண்டார்கள். அக்காலத்தில் படம் களிமண் போன்றது. இன்னும் சூளைக்குப் போகவில்லை. யார் விரல் பட்டாலும் தடம் பதியும். அதனாலேயே யார் விரலைத் தொடவிடுவது என்பது அறக்கேள்வி ஆகிறது.

மாறுபட்ட கருத்துகள் வந்து குவியும்போது மனிதர் இயல்பாக நாடும் வழிகள் நான்கு. முதலாவது, தலையெண்ணுதல்: பத்துப் பேரில் ஏழு பேர் சொன்னதைச் செய்வது. இரண்டாவது, பதவிக்குப் பணிதல்: பணமோ அதிகாரமோ உடையவர் சொன்னதைச் செய்வது. மூன்றாவது, பங்கிட்டுக் கொடுத்தல்: ஒருவர் பத்து நிமிடம் வெட்டச் சொன்னார், மற்றவர் வெட்டவே கூடாதென்றார், எனவே ஐந்து நிமிடம் வெட்டுவது. நான்காவது, செவியை மூடிக்கொள்ளுதல்: என் படைப்பு, என் விருப்பம் என்று இருந்துவிடுவது. நான்கிலும் ஒரு சௌகரியம் உண்டு. சிந்திக்கும் பொறுப்பிலிருந்து அவை நம்மை விடுவிக்கின்றன. தலையெண்ணியவர் பழியைக் கூட்டத்தின் மேல் போடலாம். பணிந்தவர் மேலிடத்தின் மேல் போடலாம். பங்கிட்டவர் எல்லோரையும் திருப்தி செய்தேன் எனலாம். செவியை மூடியவரோ கேட்டால்தானே பதில் சொல்ல வேண்டும் என்று இருந்துவிடலாம்.

முதல் இரண்டும் ஒன்றுசேர்ந்தால் என்ன நேரும் என்பதற்குத் திரை வரலாற்றில் துயரமான சான்று ஒன்று உண்டு. ஆர்சன் வெல்ஸ் என்னும் அமெரிக்க இயக்குநர் 'தி மாக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' என்ற படத்தை எடுத்து முடித்து, வேறொரு படத்துக்காக 1942 இன் தொடக்கத்தில் பிரேசில் நாட்டுக்குச் சென்றுவிட்டார். அந்த ஆண்டு மார்ச் 17 அன்று கலிஃபோர்னியாவில் உள்ள பொமோனா என்னும் ஊரில் படம் முன்னோட்டமாகத் திரையிடப்பட்டது. பார்த்தவர்களிடம் அட்டை கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார்கள். பெரும்பாலோர் கடுமையாக எழுதினர். சிலரோ இது அரிய படைப்பு என்றே எழுதினர். அடுத்துப் பாசடீனா நகரில் திரையிட்டபோது வரவேற்பு மேம்பட்டிருந்தது. ஆயினும் முதல் நாளின் அச்சம் ஆர்.கே.ஓ. நிறுவனத்தாரின் மனத்தை விட்டு அகலவில்லை. 130 நிமிடங்களுக்கு மேல் ஓடும்படி முதலில் தொகுக்கப்பட்டிருந்த படம் 88 நிமிடமாகச் சுருக்கப்பட்டது. சோகமான முடிவை நீக்கி, வேறொருவரைக் கொண்டு இதமான முடிவொன்றை எடுத்துச் சேர்த்தார்கள். இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன், தம் இசை சிதைக்கப்பட்டதால் தம் பெயரையே படத்திலிருந்து எடுத்துவிடச் செய்தார். வெட்டிய பகுதிகள், கிடங்கில் இடம் வேண்டும் என்பதற்காகப் பின்னர் அழிக்கப்பட்டன. இன்றுவரை அவை கிடைக்கவில்லை.

இதில் யாரையும் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது என்பதே நாம் நின்று எண்ண வேண்டிய செய்தி. தொகுப்பாளராக இருந்த ராபர்ட் வைஸ் பின்னாளில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' போன்ற படங்களை இயக்கிப் புகழ்பெற்றவர், கலையறியாதவர் அல்லர். மக்கள் உட்கார்ந்து பார்க்கக்கூடிய ஒரு படமாக அதனைக் காப்பாற்றவே தாங்கள் முயன்றதாக அவர் பிற்காலத்தில் சொல்லி வந்தார். இப்போது எஞ்சியிருக்கும் படத்தையே பெரும் படைப்பாகப் போற்றுவோரும் உண்டு. குற்றம் மனிதரிடத்தில் இருந்ததைக் காட்டிலும் முறையில் இருந்தது. ஓர் ஊரில், ஓர் இரவில் மக்கள் உணர்ந்த சலிப்பு என்னும் செய்தியை, இன்ன இடத்தை வெட்டு என்னும் கட்டளையாக அவர்கள் மொழிபெயர்த்துக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பில்தான் பிழை நேர்ந்தது.

இவ்விடத்தில் நம் மரபில் வழங்கும் கதை ஒன்று துணைக்கு வருகிறது. இறையனார் களவியலுக்கு உரை கண்ட வரலாறு தமிழன்பர்கள் அறிந்ததே. சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் அந்நூலுக்குத் தனித்தனியே உரை செய்தனர். யார் உரை மெய்யுரை என்பதில் வழக்கு எழுந்தது. புலவருள் ஒருவரை நடுவராக வைக்க இயலாது. ஒவ்வொருவரும் வழக்கின் ஒரு தரப்பாக நின்றனர். முடிவில் மதுரையில் உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுப் பிள்ளையை அழைத்து வந்து, உயர்ந்த இருக்கையில் அமர்த்தி, அவன் முன் உரைகளை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். அப்பிள்ளை பேச முடியாதவன். பலருடைய உரைகளை அவன் வாளா கேட்டிருந்தான். மருதன் இளநாகனார் உரையைப் படித்தபோது சில இடங்களில் அவன் கண்ணில் நீர் அரும்பியது, மெய் சிலிர்த்தது. நக்கீரர் உரையைப் படித்தபோதோ சொல்தோறும் அவ்வாறு நிகழ்ந்தது. அதுவே மெய்யுரை என்று அவை கொண்டது.

இக்கதையைத் தெய்வச் செயலாகக் கொள்வோர் கொள்க. நமக்கு வேண்டியது அதனுள் இருக்கும் நுட்பம். நடுவனாக வந்தவன் ஏன் ஊமையாக இருந்தான்? பேசத் தெரிந்திருந்தால் அவனும் ஓர் உரையாசிரியன் ஆகியிருப்பான். ஐம்பதாவது உரை ஒன்று பிறந்திருக்கும். அவன் யோசனை சொல்லவில்லை, திருத்தம் சொல்லவில்லை. தன்னுள் நிகழ்ந்ததை மறைக்காமல் காட்டினான், அவ்வளவே. கேட்டவன் சாட்சியாக நின்றான். அந்தச் சாட்சியைக் கொண்டு முடிவு செய்தது அவை.

கருத்துச் சொல்லும் ஒவ்வொருவரிடத்திலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் சாட்சி, மற்றவர் மருத்துவர். 'இந்த இடத்தில் எனக்குக் கவனம் சிதறியது' என்பது சாட்சியின் சொல். 'ஆகவே இந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள்' என்பது மருத்துவரின் சொல். சாட்சி சொல்வதை மறுக்க எவருக்கும் உரிமை இல்லை. எனக்குச் சலித்தது என்று ஒருவர் சொன்னால், இல்லை, உமக்குச் சலிக்கவில்லை என்று எப்படி வாதிடுவது? அவர் படிப்பறியாதவராயினும், சிறு பிள்ளையாயினும், அவ்வுணர்ச்சிக்கு அவரே அதிகாரி. ஆனால் மருத்துவராக அவர் சொல்லும் மருந்து வேறு வகையது. அது சரியாகவும் இருக்கலாம்; தவறாகவும் இருக்கலாம். மேற்சொன்ன நான்கு வழிகளும் தவறிப்போவதற்குக் காரணம், இவ்விருவரையும் ஒருவராக எண்ணிவிடுவதே. தலையெண்ணுபவர் மருந்துகளை எண்ணுகிறார். செவியை மூடுபவர் மருந்தைப் பிடிக்காமல் சாட்சியையும் சேர்த்துத் துரத்துகிறார்.

வால்டர் மர்ச் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கத் தொகுப்பாளர் தம் தொழிலைப் பற்றி எழுதிய நூலில் இதனை வைத்தியத்தோடு ஒப்பிடுகிறார். முழங்கையில் வலி என்று நோயாளி வருகிறார்; கோளாறோ தோளில் இருக்கலாம். வலிக்கும் இடத்தைக் கத்தியால் அறுப்பவர் நல்ல மருத்துவர் ஆகார். பார்வையாளர் ஒரு காட்சியைக் குறை சொன்னால், குறை அக்காட்சியில் இருக்கலாம். அதற்கு முன்னே சொல்லாமல் விட்ட ஒரு செய்தியிலும் இருக்கலாம் என்பது அவர் கருத்து.

முறையாகக் கேட்டுத் திருத்தியதற்கு ஹாலிவுட்டிலேயே நல்ல சான்றும் உண்டு. 1950 இல் வெளிவந்த பில்லி வைல்டரின் 'சன்செட் பூல்வார்ட்' முதலில் ஒரு பிணவறையில் தொடங்கியது. அங்கே கிடத்தப்பட்டிருக்கும் பிணங்கள், தாம் இறந்த கதையை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதாகக் காட்சி. எவான்ஸ்டன் நகரில் முன்னோட்டம் பார்த்தவர்கள் அதைக் கண்டு சிரித்துவிட்டார்கள். இயக்குநர் எண்ணியிருந்த கனமான உணர்ச்சி தொடக்கத்திலேயே கலைந்தது. அச்சிரிப்பே சாட்சி. வைல்டர் அதனோடு வாதாடவில்லை, அக்காட்சியை நீக்கினார். ஆனால் இறந்தவன் குரலே கதை சொல்ல வேண்டும் என்ற தம் மூலக் கருத்தை அவர் விட்டுவிடவுமில்லை. நீச்சல் குளத்தில் மிதக்கும் உடலோடு படம் தொடங்க, அவன் குரல் கதை சொல்கிறது. வலியைப் பார்வையாளரிடமிருந்து கேட்டறிந்தார். மருந்தைத் தாமே கண்டார். உலகத் திரைப்படங்களின் மறக்க முடியாத தொடக்கங்களுள் ஒன்று அவ்வாறு பிறந்தது.

நமக்கு நெருங்கிய ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். வெளிமாநிலத்து நகர் ஒன்றில் உள்ள தமிழ்ச் சங்கம் தன் பொன்விழாவை ஒட்டி அரைமணி நேரப் படம் ஒன்று எடுக்கிறது. தொகுத்த படத்தைச் செயற்குழு பார்க்கிறது. மூத்த உறுப்பினர், "தொடக்க காலத் தலைவரைப் பற்றி இன்னும் நிறைய வேண்டும் தம்பி, இவ்வளவுதானா அவர்?" என்கிறார். இந்நகரிலேயே பிறந்து வளர்ந்த இளைஞரோ, "அந்தத் தலைவர் பேசும் நான்கு நிமிடமும் தாங்க முடியவில்லை மாமா, பாதியாவது வெட்டிவிடுங்கள்" என்கிறார். ஒருவர் கூட்டச் சொல்கிறார். மற்றவர் குறைக்கச் சொல்கிறார். மருந்துகளைப் பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டையும் பங்கிட்டு மூன்று நிமிடமாக வைத்தால் இருவருக்கும் மனக்குறை மிஞ்சும்.

ஆனால் சாட்சிகளைக் கேட்டுப் பாருங்கள். மூத்தவர் சொல்வது, நான் அறிந்த மனிதர் திரையில் வரவில்லை என்பது. இளைஞர் சொல்வது, இவர் யாரென்றே எனக்குப் புரியவில்லை என்பது. இரண்டும் ஒரே குறை. திரையில் பேசுபவர் யார், எந்த ஆண்டு எந்தப் பெட்டியோடு இந்நகர் ரயிலடியில் வந்து இறங்கினார், சம்பளத்தில் எவ்வளவு மிச்சம் பிடித்து முதல் வாடகையைக் கொடுத்தார் என்பதைப் படம் சொல்லாமல் விட்டது. அப்பேச்சுக்கு முன் அவர் கையெழுத்திட்ட ஒரு பழைய வாடகைச் சீட்டைப் பத்து விநாடி காட்டினால் போதும். அதே நான்கு நிமிடம் இளைஞருக்கு நீளாது; மூத்தவருக்குக் குறையாது. முரண்பட்ட கருத்துகளிற் பல இத்தகையவை. மருந்துகள் மோதிக்கொள்ளும், வலிகள் கைகோத்து நிற்கும். ஆழ்ந்து கேட்பவருக்கே இது புலனாகும். மாறுபாட்டைக் கண்டவுடன் அஞ்சி, எவர் பக்கம் சாய்வது என்று கணக்கிடுபவருக்கு இது ஒருநாளும் புலனாகாது.

எல்லா மாறுபாடும் இவ்வாறு தீர்ந்துவிடும் என்று சொன்னால் அது பொய்யாகும். உண்மையாகவே ஒன்றோடொன்று இணங்காத கருத்துகள் உண்டு. அவை படைப்பின் குறையைப் பற்றியவை அல்ல. படைப்பு எதற்காக இருக்க வேண்டும் என்பதைப் பற்றியவை. 'பதேர் பாஞ்சாலி' நமக்கு இதனைக் கற்பிக்கிறது. சத்யஜித் ராய் பணமின்றி நிறுத்தி நிறுத்தி எடுத்த அப்படம், மேற்கு வங்க அரசின் உதவியால் முடிவுக்கு வந்தது. முடிவை மகிழ்ச்சியானதாக மாற்றலாமே என்ற யோசனை அரசு தரப்பிலிருந்து வந்தது. இன்னொரு புறம், 1954 இல் இந்தியா வந்திருந்த அமெரிக்க இயக்குநர் ஜான் ஹூஸ்டன், முடிவடையாத படத்தின் ஒரு பகுதியைப் பார்த்தார். அதன் நேர்மையைப் பாராட்டினார். கூடவே, மாந்தர் அலைந்து திரிவதை மிகுதியாகக் காட்டினால் மக்கள் பொறுமை இழப்பர் என்றும் எச்சரித்தார். ஒன்று பணம் கொடுத்தவர் சொல். மற்றொன்று தொழில் தேர்ந்தவர் சொல். இரண்டும் பகைமையால் சொன்னவை அல்ல.

ராய் முடிவை மாற்றவில்லை. வறுமையால் மகளை இழந்த குடும்பம் மாட்டு வண்டியில் ஊரை விட்டுப் போவதோடு படம் முடிகிறது. நிதானமான அந்த நடையையும் அவர் கைவிடவில்லை. கதையின் போக்கே வங்கக் கிராமத்து வாழ்க்கையின் போக்காக இருக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். நியூயார்க்கில் 1955 மே மாதத்தில் திரையிட நாள் குறித்துவிட்டதால், அவரும் தொகுப்பாளர் துலால் தத்தாவும் இரவு பகல் பாராது உழைத்து முடித்தார்கள். அந்த ஆகஸ்டில் கல்கத்தாவில் வெளியானபோது தொடக்கத்தில் கூட்டம் குறைவாகவே இருந்தது; பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே அரங்கு நிறைந்தது. 1956 இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற பரிசும் கிடைத்தது.

வெற்றி பெற்றதால் ராய் செய்தது சரி என்று முடிவு கட்டுவது முறையன்று. தோற்றிருந்தாலும் அது சரியே. ஏனெனில் அவர் மறுத்தது எவருடைய சாட்சியையும் அன்று. வேறொரு படத்தைச் செய்யும்படி வந்த யோசனையை மறுத்தார். பணம் கொடுத்தவருக்கு உரிமையே இல்லையா எனலாம். உண்டு. கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. காலத்தில் முடிக்கச் சொல்லும் உரிமை உண்டு. புரியாததைக் கேட்டுத் தெளியும் உரிமை உண்டு. ஒரு குடும்பத்தின் துயரத்தைத் துயரமில்லை என்று சொல்லவைக்கும் உரிமை மட்டும் பணத்துக்குக் கிடையாது.

பொறுத்திருப்பதும் கேட்பதில் அடங்கும். 1975 ஆகஸ்ட் 15 அன்று பம்பாயில் வெளியான 'ஷோலே'யின் கதையை, அந்நகரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தார் பலரும் அறிவர். கைகளை இழந்த டாக்கூர் கப்பர்சிங்கைத் தம் காலாலேயே மிதித்துக் கொல்வதாக முதலில் முடிவு எடுக்கப்பட்டிருந்தது. அவசரநிலைக் காலத்துத் தணிக்கையாளர் அதனை ஒப்பவில்லை. இயக்குநர் ரமேஷ் சிப்பி, காவலர் வந்து தடுப்பதாக வேறொரு முடிவை எடுத்துச் சேர்க்க நேர்ந்தது. அது கருத்தன்று, ஆணை. ஆணைக்கு முன் கலைஞனுக்கு இருக்கும் வழிகள் மிகக் குறைவு. படம் வெளியானபின் வந்ததோ வேறு வகைச் சோதனை. முதல் சில நாட்களில் விமர்சனங்கள் சாதகமாக இல்லை. வணிக வட்டாரம் தோல்வி என்றது. ஜெய் இறப்பதை மாற்றி, உயிரோடிருப்பதாக மீண்டும் எடுத்துச் சேர்க்கலாமா என்றுகூட ஆலோசித்தார்கள். சற்றுப் பொறுத்துப் பார்ப்போம் என்ற முடிவே நிலைத்தது. மினர்வா அரங்கில் அப்படம் ஐந்தாண்டுகள் ஓடியது. முதலில் வரும் குரல் உரத்த குரலாக இருக்கும். அதனாலேயே அது முழுக் குரலாகிவிடாது. ஆணையால் நீக்கிய பழைய முடிவும் அரை நூற்றாண்டு கழித்து, மீட்டுருவாக்கிய பிரதியில், 2025 இல் இத்தாலியின் போலோன்யா நகரத் திரைப்பட விழாவில் திரைக்கு வந்தது. வெட்டியதை அழிக்காமல் வைத்திருந்தால் காலம் ஒருநாள் மறுவிசாரணை நடத்தும். ஆம்பர்சன்ஸ் படத்துக்கு அந்த மறுவிசாரணை மறுக்கப்பட்டது. ஆகவே, கருத்து எதுவாயினும், திரும்பப் பெற முடியாதபடி ஒன்றைச் செய்துவிடாதே என்பது தொகுப்பறையின் முதல் அறமாக இருக்கத்தக்கது.

இதுவரை பார்வையாளர், பணம் தந்தவர், அதிகாரி ஆகியோர் சொல்லைப் பற்றிப் பேசினோம். எல்லோரையும் விட மேலான உரிமையுடைய ஒருவர் இன்னும் இருக்கிறார். அவர் படத்திற்குள் இருப்பவர். முன் சொன்ன சங்கப் படத்தையே மீண்டும் எண்ணுவோம். காலமான உறுப்பினர் ஒருவரின் மனைவி, பேட்டியில் கணவரை நினைத்துக் கண்ணீர் விடுகிறார். பார்த்த அனைவரும் அதுவே படத்தின் உயிர் என்கிறார்கள். அந்த அம்மையார் மட்டும், "அதை எடுத்துவிடுங்களப்பா, நான் அழுததை ஊரார் பார்க்க வேண்டாம்" என்கிறார். இங்கே தலையெண்ணிக்கை அவருக்கு எதிர். கலையும் அவருக்கு எதிர். எனினும் அவர் சொல்லே வெல்ல வேண்டும். மற்றவர்கள் பேசுவது படம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி. அவர் பேசுவது தம் முகத்தைப் பற்றி. படம் சற்றே குறைபட்டால் ஈடு செய்துகொள்ளலாம். நம்பிக் கொடுத்த முகத்தைச் சந்தையில் வைத்துவிட்டால் ஈடு செய்ய முடியாது. நடிகர் நடித்த கதைக்கும் மெய்யான மனிதரைக் காட்டும் படத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. கைப்பேசியைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் படமெடுத்துத் தொகுத்து ஊருக்கு அனுப்பும் இந்நாளில், இந்த அறம் நம் வீடுகளுக்கும் உரியதாகிவிட்டது.

கேட்பவருக்குக் கடமை உண்டென்றால் சொல்பவருக்கும் உண்டு. வெல்ஸின் பிற்கால வாழ்க்கையே அதற்கு எடுத்துக்காட்டு. 'டச் ஆஃப் ஈவில்' என்ற அவரது படத்தை யூனிவர்சல் நிறுவனம் தன் விருப்பப்படி திருத்தித் தொகுத்தது. 1957 டிசம்பரில் அத்தொகுப்பைப் பார்த்த வெல்ஸ், 58 பக்கங்களில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். வசை பொழியவில்லை, காட்சி காட்சியாக, ஒலி ஒலியாக, எது ஏன் வேண்டும் என்று காரணம் சொன்னார். பெரும்பகுதி ஏற்கப்படாமலே 1958 இல் படம் வெளியாயிற்று. 1985 இல் வெல்ஸ் மறைந்தார். ஆனால் காரணங்கள் சாகவில்லை. முன்னர்க் கண்ட வால்டர் மர்ச், அந்த 58 பக்கங்களை வழிகாட்டியாகக் கொண்டு படத்தை மறுபடி தொகுக்க, 1998 இல் அது வெளிவந்தது. வெறுப்பை எழுதியிருந்தால் யாரும் நாற்பதாண்டு காத்து வைத்திருக்க மாட்டார்கள். கருத்துச் சொல்பவர், தமக்கு என்ன நேர்ந்தது என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். மருந்தும் சொல்வதானால் காரணத்தோடு சொல்ல வேண்டும். ஏற்காவிட்டால் பகை கொள்ளாதிருக்க வேண்டும்.

முடிவு செய்பவரும் இவற்றுக்கு ஈடாகச் செய்ய வேண்டியது உண்டு. யாருடைய யோசனையை ஏற்கவில்லையோ அவரிடம் சென்று, "நீங்கள் சொன்னதைக் கேட்டேன், இன்ன காரணத்தால் செய்யவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்வது. ஏற்கப்படாத கருத்தினால் மனிதர் அவ்வளவாக வருந்துவதில்லை. கேட்கப்படாத கருத்தினாலேயே புண்படுகிறார்கள். குடும்பங்கள் பிரிவதும் சங்கங்கள் இரண்டாவதும் பெரும்பாலும் இந்த ஒரு வார்த்தை சொல்லப்படாததால்தான்.

பலரைக் கேட்பதும் ஒருவர் பொறுப்பேற்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. கேட்காமல் முடிவு செய்பவர் குருடர். கேட்டுவிட்டு முடிவு செய்யாதவர் கோழை. எல்லோரிடத்தும் உள்ள மருத்துவரை வணங்கி அனுப்பிவிட்டு, எல்லோரிடத்தும் உள்ள ஊமைப் பிள்ளையை உயர்ந்த இருக்கையில் அமர்த்தி, அவன் கண்ணில் நீர் எங்கே அரும்புகிறது, எங்கே அவன் வாளா இருக்கிறான் என்று பார்த்திருப்போமாக. பிறகு கத்தரியை எடுக்கும் கை நம்முடையது. அதனால் வரும் பழியும் நம்முடையதே.